மைனஸ் மூன்று

நம் கத்தோலிக்கக் கோயில்களில் கீபோர்டு வாசிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு விரல் வைக்கிற முறையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் யூடியூபில் பார்த்து என்னைவிட நன்றாகவே கற்று வைத்திருக்கிறீர்கள். போன மாதம் நானுஓயாவில் நடந்த பயிற்சி நாளில் ஒரு பிள்ளையின் இடது கை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, இந்த வயதில் எனக்குப் பொறாமைகூட வந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

நான் எழுதப் போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இருபத்தெட்டு வருடம் நோர்வூட் பக்கத்துக் கோயில் ஒன்றில் வாசித்தேன். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் டீச்சர். இரண்டு இடத்திலும் என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். பயம் இருந்தால் ஒழுங்கு இருக்கும் என்று நான் நம்பினேன். கணக்குக்கு அது ஓரளவு சரி. பாட்டுக்குச் சரியில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது காலால் மிதிக்கிற பழைய ஆர்கன். மழைக்காலத்தில் மரம் ஊறி, அமுக்கிய கட்டை மேலே வராது. வாசித்துக்கொண்டே சுண்டு விரலால் அதை நிமிண்டி எடுக்க வேண்டும். பிறகு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பி, கீபோர்டு வந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு த்ரீவீலர் கண்ணாடியை ஆணியடித்து மாட்டினேன். பீடத்தில் ஃபாதர் என்ன செய்கிறார் என்று திரும்பாமலே பார்க்கத்தான். பாடுகிறவர்களில் யார் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். அது உபரி லாபம்.

பாடகர் குழுவில் பதினான்கு பேர். அதில் பத்துப் பேர் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள். அவர்களில் ஒருவர் சவரியம்மா. தோட்டத்தின் மேல் டிவிசனில், லயத்து வீட்டு வரிசையில் இருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். புத்தகத்தை விரித்தால் எழுத்துக் கூட்டித் திணறுவார். ஆனால் ஒரு பாட்டை இரண்டு தடவை காதில் போட்டுவிட்டால் நாலு சரணமும் சாகும்வரை மறக்காது.

கீபோர்டு வந்த புதிதில் எங்கள் பங்கின் அடக்கப் பாட்டைப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். கல்லறையில் மண் போடுகிற நேரம் பாடுகிற பாட்டு. கீபோர்டில் பேட்டரி போட்டு அங்கேயும் தூக்கிக்கொண்டு போவோம். புத்தகத்தில் அது டி மேஜர் சுருதியில் இருக்கிறது. மூன்றாவது வரியில் 'கதவைத் திற' என்கிற இடத்தில் நன்றாக மேலே ஏறும். அந்த இடத்தில் பெண்கள் எல்லோரும் கீச்சிட்டார்கள். நான் நாலாவது தடவையாக நிறுத்தியபோது சவரியம்மா கையைத் தூக்கினார்.

"டீச்சர், இது எட்டாத கொழுந்துங்க. எம்பி எம்பிப் பறிச்சா கெளைதான் ஒடியும்."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. இருந்தாலும் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற பொத்தான் ஒன்று இருந்ததால், அதை மூன்று தடவை அழுத்திக் கீழே கொண்டு வந்தேன். சின்னத் திரையில் மைனஸ் மூன்று என்று காட்டியது. என் விரல்கள் அதே டியில்தான் வாசித்தன. வெளியே வந்த சத்தம் மூன்று படி இறங்கி வந்தது.

"இப்ப?" என்றேன்.

"இப்ப கைக்கு வந்திருச்சுங்க" என்றார் சவரியம்மா.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டதும் என் கை தானாகப் போய் அந்தப் பொத்தானை மூன்று தடவை அழுத்தும். எல்லாப் பாட்டுக்கும் அதே மைனஸ் மூன்றுதான். காலையில் பனியில் எழும்பி வருகிற தொண்டைகளுக்கு அது பொருத்தமாக இருந்தது. ஒரு வருடம் போனதும் யார் சொல்லி அதைச் செய்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது. பிறகு அப்படி ஒரு பொத்தானை அழுத்துகிறேன் என்பதே மறந்துவிட்டது. பல் விளக்குவதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

சவரியம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு எடுப்பதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுப்பார். அந்தச் சத்தம் கோயிலின் கடைசி பெஞ்சு வரை கேட்கும். கூடையைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்குகிற நெஞ்சு, காற்று கொஞ்சமாகவா போகும்? பல வருடம் அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆயர் ஆண்டகை பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க வருகிறார், பூசையை ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டப் போகிறோம் என்று முடிவானபோதுதான் எனக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. புது மைக் வந்திருந்தது. ஒத்திகையைப் பதிவு செய்து போட்டுக் கேட்டால், ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் அந்த மூச்சு.

எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "சவரியம்மா, மைக்குல ஒங்க மூச்சுதான் கேக்குது. கொஞ்சம் அடக்கிப் பாடுங்க."

"மூச்சு எடுக்காம எப்படிங்க டீச்சர் பாடுறது?"

"சத்தமில்லாம எடுங்க. மத்தவங்க எடுக்கலையா?"

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். "சரிங்க டீச்சர்" என்றார். ஆண்டகை வந்த அன்று பின் வரிசையில் நின்று, பாதி வாயால் பாடினார். அடுத்த ஞாயிறு குழுவுக்கு வரவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். என் கண்ணாடியில் சரியாக அந்த இடம் தெரியும். பூசை முடிந்து வாசலில் பார்க்கும்போது, "வாங்க, வந்து பாடுங்க" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இரண்டு வருடம் போனது. உண்மையைச் சொன்னால், அவர்தான் வந்து கேட்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு.

அவர் போனபின் குழுவில் ஒரு தொல்லை தொடங்கியது. பாட்டு எடுக்கும்போது ஒருவர் முந்துவார், இருவர் பிந்துவார். அக்கறை குறைந்துவிட்டது என்று எல்லோரையும் திட்டினேன். பிறகு முன்னிசையை நீட்டி, சத்தத்தைக் கூட்டி, முதல் சுரத்தை ஓங்கி அடித்துக் கொடுத்தேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ஆனால் பாட்டு ஒழுங்காகிவிட்டது. ஒழுங்கானதாக எனக்குக் கேட்டது. அவ்வளவு சத்தத்தில் வேறென்ன கேட்கும்?

அந்த இரண்டாவது வருடம், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழக்கிழமை பகலில் சவரியம்மா மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பெரிய வியாழன் என்றால் உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலப் பூசையில் மகிமைப் பாடல் முடிந்ததும் ஆர்கனை மூடிவிட வேண்டும். ஈஸ்டர் பூசையில் அதே பாடல் வரும்வரை திறக்கக் கூடாது. மணியும் அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவோம். பாடுகிறவர்களுக்குத் துணையாக வாசிக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். எங்கள் பங்கில் அதுவும் கிடையாது. கீபோர்டின் மேல் துணியைப் போர்த்திவிட்டால் போர்த்தியதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மேல் டிவிசனுக்குப் போனேன். லயத்துக்கு முன்னால் தறப்பாள் கட்டிச் சனம் உட்கார்ந்திருந்தது. சவரியம்மாவின் ஒரே மகள் ரீட்டா, கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறவள், விடியும்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். சின்ன வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு குழுவில் நின்று பாடிய பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மண்ணு போடுற நேரம் அந்தப் பாட்ட பாடணும்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க. நாலு சரணமும் பாடணுமாம். டீச்சர்தான் வாசிக்கணுமாம்."

"என்னையா சொன்னாங்க?"

"ஆமாங்க. நீங்கதான் எங்க ஆளுகளுக்கு எட்டுற மாதிரி எறக்கி வாசிப்பீங்களாம். மத்தவங்க வாசிச்சா ஒசரத்துல கொண்டு போயிருவாங்களாம்."

எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான் என்பது அந்த நிமிடம்கூட எனக்கு நினைவு வரவில்லை. பாராட்டு என்றே வாங்கிக்கொண்டேன். ஆர்கன் வாசிக்க முடியாத நாள் என்பதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். ரீட்டா முகம் வாடிப்போனது.

"அப்ப வாயாலயாவது பாட முடியாதுங்களா?"

பக்கத்தில் நின்ற ஃபாதரைப் பார்த்தேன். "நாளைக்குக் காலையில வச்சுக்குவோம். பூசை கெடையாது, மந்திரிச்சு அடக்கம் மட்டுந்தான். பாட்டு பாடலாம் டீச்சர், வாத்தியம் வேணாம்" என்றார்.

"நாலு சரணமும் பாடிருவோம்" என்று ரீட்டாவிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் திரும்பி வர வண்டி ஏறிய பிறகுதான் யோசித்தேன். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் சனத்துக்கு முன்னால் வாய் திறந்து பாடியதில்லை. விரல்தான் என் குரல். பயிற்சிக்கும் நேரமில்லை, பெரிய வெள்ளி முழுதும் வழிபாடு. போதாததற்கு என்னைப் பழக்கிய சிஸ்டர் ஒருவர் அடிக்கடி சொல்வது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கல்யாணத்தில் தப்பாக வாசித்தால் சிரித்துவிட்டுப் போவார்கள், சாவில் தப்பாக வாசித்தால் மறக்க மாட்டார்கள் என்பார்.

சனிக்கிழமை காலை பனி விலகியதும் பெட்டியைத் தூக்கினார்கள். தேயிலைக்கு நடுவே இருக்கிற ஒற்றையடிப் பாதையில் மேலே போக வேண்டும். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் முன்னால் போனார்கள். அவர்கள் இந்துக்கள், சவரியம்மாவோடு ஒரே லயத்தில் இருந்தவர்கள். தோட்டத்தில் யார் செத்தாலும் அவர்கள் அடித்தால்தான் பயணம். கல்லறைத் தோட்டத்துக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

ஃபாதர் செபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். பெட்டி இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பையில் வாயால் ஊதிச் சுருதி எடுக்கிற சின்னக் குழல் ஒன்று வைத்திருந்தேன். பாட்டு டி மேஜர். டியை ஊதினேன். முதல் வரியை எடுத்தேன்.

என் குரலோடு இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள், மற்றவர்கள் தடுமாறி ஏறினார்கள். இரண்டாவது வரி பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, உயரம் அதிகம். ஆண்கள் விட்டுவிட்டார்கள். பெண்களின் கழுத்து நரம்பு புடைக்கிறது. மூன்றாவது வரியில் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்தே வண்டியை விட்டேன். ஏன் அங்கேயே நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம்தான். டீச்சர் நிறுத்தினால் டீச்சர் தப்பு செய்தார் என்று ஆகிவிடுமே. எப்படியாவது தாண்டிவிடலாம் என்று போனேன். 'கதவைத் திற' என்கிற இடத்தில் ஒரு கீச்சு, ஓர் இருமல், பிறகு ஒன்றுமில்லை. ரீட்டா கையில் ஒரு பிடி மண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குழுவில் கிட்டார் வாசிக்கிற அந்தோனி என் தோள் பக்கம் குனிந்தான். "டீச்சர், ஃபோன்ல பியானோ ஆப் இருக்கு. போட்டுறவா?"

"உள்ள வை" என்றேன்.

விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. ஃபாதரிடம் தலையாட்டினால் அவர் கடைசி செபத்தைத் தொடங்கிவிடுவார். சாவு வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்? ரீட்டா கேட்க மாட்டாள். ஆனால் நாலு சரணம் என்று சொன்னவள் நான். ஏற்கெனவே சவரியம்மாவின் வாயை ஒரு தடவை மூட வைத்தவளும் நான்.

"மன்னிச்சுக்குங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "நான் தப்பா எடுத்துட்டேன். ரொம்ப ஒசரம். மொதல்லேருந்து பாடுவோம்."

ஓரமாக நின்ற தப்பு மேளக்காரர்களில் மூத்தவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நெதானமா பாடுங்க டீச்சரம்மா. சவரியம்மா எங்கயும் போயிறப் போறதில்ல."

யாரோ சிரித்துவிட்டார்கள். ரீட்டாகூட அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது: பொத்தான்! புத்தகத்தில் டி, என் விரலில் டி. ஆனால் பொத்தானை அழுத்தத் தொடங்கிய பிறகு இந்தச் சனம் ஒரு நாளும் டியில் பாடியதே இல்லை. எட்டாத கொழுந்து என்று கையைத் தூக்கியவர் யார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் கேட்டு இறக்கிய பாட்டை நான் பழையபடி உயரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். மூன்று படி இறங்கி எண்ணி, பி சுரத்தை ஊதினேன். கணக்கு டீச்சருக்கு அதுவாவது வந்தது.

கையைத் தூக்கி இறக்கினேன். ஒருவரும் எடுக்கவில்லை.

சுருதி சரி, பாட்டு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்தவர் எடுக்கட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக நான் ஓங்கி அடித்த முதல் சுரத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் கை இரண்டாவது தடவையாக மேலே போய் அப்படியே நின்றது.

அப்போது ரீட்டா மூச்சை இழுத்தாள்.

அம்மாவின் மூச்சு அது. அதே சத்தம், அதே நீளம். பதினான்கு பேரில் மிஞ்சிய பதின்மூன்று பேரும் ஒன்றாக எடுத்தார்கள். முந்தியவர் இல்லை, பிந்தியவர் இல்லை. இல்லை, பிந்தியவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்துகொண்டு நின்றுவிட்டேன். ரீட்டா முதல் வரிக்கு மேல் பாடவில்லை, அழுகை வந்துவிட்டது. அவள் பாட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் சவரியம்மாவைப் போலவே சத்தமாக மூச்சு எடுத்தார்கள். மூன்றாவதுக்கும், நாலாவதுக்கும் அப்படியே. 'கதவைத் திற' என்கிற இடத்தை நாலு தடவையும் கைக்கெட்டுகிற கொழுந்து மாதிரிப் பறித்துக்கொண்டு போனார்கள். மண் விழுந்துகொண்டே இருந்தது.

என் முறை வந்தபோது ஒரு பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு, மன்னிச்சுக்குங்க சவரியம்மா என்றேன். இரண்டு வருடம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைப் பெட்டிக்குச் சொன்னேன். அழுதேன். டீச்சர் அழுவதை அன்றுதான் குழு பார்த்தது.

இனி உங்களுக்கு. இரண்டே இரண்டு விஷயம்தான். தப்பு என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இரண்டாவது வரியில் நிறுத்தினால் அது ஒரு சின்னத் தப்பு. மூன்றாவது வரிவரை வெட்கத்துக்காக இழுத்துக்கொண்டு போனால், அந்த வெட்கத்தை எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் கோயிலில் பாட்டை எடுப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அது நீங்கள் என்று நினைத்தால், ஒரு ஞாயிறு கீபோர்டை மூடிவிட்டுப் பாருங்கள். யாரோ ஒருவருடைய மூச்சிலோ, தலையசைப்பிலோ, கால் தட்டலிலோ உங்கள் பாட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அவரைப் பின் வரிசைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மறுநாள் ஈஸ்டர் காலைப் பூசை. சுவிட்சைப் போட்டேன். பொத்தானை மூன்று தடவை, இந்த முறை பார்த்து, எண்ணி அழுத்தினேன். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். கண்ணாடியில் மூன்றாவது பெஞ்சில் ரீட்டா உட்கார்ந்திருந்தாள். முன்னிசையைச் சுருக்கமாக முடித்து, கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டு, குழுவின் பக்கம் திரும்பி என்னால் முடிந்த மட்டும் மூச்சை இழுத்தேன். அவர்கள் எடுத்தார்கள்.

பூசை முடிந்து எல்லோரும் வாசலில் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஃபாதர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், இன்னைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால மைக்குல ஏதோ மூச்சு சத்தம் கேட்டுச்சு. மைக்க கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லவா?"

"வேணாம் ஃபாதர்" என்றேன். "கேக்கட்டும்."